நாலணா ஐஸும் நரகமும்: அவல நகைச்சுவை என்றால் என்ன?

தாத்தா இறந்த இரவு, ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் அம்மாச்சி வீட்டு முற்றத்தில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். செபமாலை முடிந்து வரக்காப்பி வந்துகொண்டிருந்தது. தாத்தாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதன் மோட்டார் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வெகுநேரமாகப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த மாமா திடீரென்று சொன்னார்: "ஒம்போது வயசுல ஒரு ராத்திரி முழுக்க, அப்பாவ ஐஸால கொன்னுட்டேன்னு நெனச்சு அழுதேன். இப்ப ஐஸ்லயே படுத்திருக்காரு."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அது அழுகை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடினாள் என் தங்கை. அழுகையும்தான், ஆனால் சிரிப்பும் கலந்திருந்தது. அடுத்த நிமிடம் முற்றமே சிரித்தது. துக்கம் கொஞ்சமும் குறையவில்லை, அப்படியே இருந்தது. அதன் மேலேதான் இந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

இதைத்தான் சினிமாப் பேச்சில் டார்க் காமெடி என்கிறார்கள். கறுப்பு நகைச்சுவை என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அவல நகைச்சுவை என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. அவலம், நகை இரண்டும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. இது எப்படி உண்டாகிறது, கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் குற்றவுணர்வுக்கும் இதற்கும் ஏன் இத்தனை நெருக்கம் என்பதை, மாமாவின் கதையை வைத்தே சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. தாத்தாவிடம் பாய் கட்டி ஓடும் வத்தை என்ற படகு இருந்தது. அவர் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அம்மாச்சி, அந்தோனியார் படத்துக்குக் கீழே ஒரு தகர டப்பாவில் நாலணா போட்டுவைப்பார். திருவிழாவுக்குச் சேர்த்துக் காணிக்கை கொடுக்கிற காசு அது. மாமா ஒரு நாள் அதிலிருந்து ஒரு நாலணாவை எடுத்துச் சேமியா ஐஸ் வாங்கித் தின்றார். பாதியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் கொடுத்தார்.

அன்று இரவு வாடைக் காற்று எழுந்தது. விடிவதற்குள் மற்ற வத்தைகள் ஒவ்வொன்றாகக் கரை வந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பையனின் அப்பாவும் வந்துவிட்டார். தாத்தாவின் வத்தை மட்டும் வரவில்லை. மாமாவின் மனத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஐஸைத் தின்றது இரண்டு பேர், ஆனால் ஒருவனுடைய அப்பா திரும்பிவிட்டார். அப்படியானால் தின்றதற்குத் தண்டனை இல்லை, எடுத்ததற்குத்தான் தண்டனை. எடுத்தது நான். தீர்ப்பு முடிந்துவிட்டது.

அதற்கு முந்தைய வாரம்தான் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானஉபதேச வகுப்பில் யோனாவின் கதை சொல்லியிருந்தார்கள். கடவுள் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி வேறு பக்கம் ஓடுகிறார் யோனா. புயல் வருகிறது. யாரால் இந்தப் புயல் என்று சீட்டுப் போட்டுப் பார்க்க, யோனாவின் பேர் விழுகிறது. அவரைத் தூக்கிக் கடலில் போட்டதும் கடல் அடங்குகிறது. மலைநாட்டுப் பிள்ளைக்கு இது கதை. கடற்கரைப் பிள்ளைக்கு இது சட்டம். மாமாவுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் தெரிந்தது: யோனா கரையில் நிற்கிறான், கடலில் கிடப்பதோ அப்பா. ஆள் மாறிப்போயிருக்கிறது.

அதனால் காற்று கொஞ்சம் தணிந்த விடியற்காலையில் அவர் தனியாகக் கடலுக்குள் இறங்கினார். "என்ன எடுத்துக்க, அப்பாவ விட்டுரு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். எங்கள் வடகரைப் பக்கம் பாக் நீரிணை. அதைப் பெண்கடல் என்போம், தென்பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்போம். பெண்கடலுக்கு ஆழம் குறைவு. மாமா எவ்வளவு தூரம் நடந்தும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவே இல்லை. கடலுக்குக்கூடத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து நின்ற இடத்திலேயே அழுதாராம். கடைசியில், அப்பா திரும்பி வந்தால் பாதிரியாராக, அதாவது சாமியாராகப் போகிறேன் என்று நேர்ந்துகொண்டு கரையேறினார்.

மத்தியானம் தாத்தா வந்து சேர்ந்தார். வாடை தள்ளிக்கொண்டு போய் மண்டபம் பக்கம் கரை பிடித்திருக்கிறார். அப்போது பாம்பனில் சாலைப் பாலம் கிடையாது, அது 1988-இல்தான் திறக்கப்பட்டது. ரயிலில் பாலம் கடந்து, பாம்பனில் இறங்கி, நடந்தே வந்திருக்கிறார், கையில் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் காராச்சேவோடு. அந்தக் காராச்சேவை மாமா தொடவில்லை. அது தனக்கு உரியதல்ல என்று நினைத்தார். அதற்குப் பிறகு பல வருடம், குருமடத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சாமியார்கள் வரும்போதெல்லாம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சரி, இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இதற்கு நல்ல திறவுகோல் ஒன்று கிடைக்கிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது. எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் வருவது நகை, அதாவது சிரிப்பு. அது எதிலிருந்து பிறக்கிறது? "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நான்கு காரணங்களைச் சொல்கிறார் தொல்காப்பியர். அச்சத்துக்கும் நான்கு: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை". அணங்கு என்பது வருத்தும் தெய்வம். இறை என்பது நமக்கு மேலே இருந்து தண்டிக்கக்கூடியவர். இப்போது மாமாவைக் கடலுக்குள் நிற்கவைத்துப் பாருங்கள். அவர் பக்கம் இளமை இருக்கிறது, பேதைமை இருக்கிறது. எதிரே அணங்கு இருக்கிறது, இறை இருக்கிறது. நகைக்குரிய காரணங்களும் அச்சத்துக்குரிய காரணங்களும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் வந்து கூடிவிட்டன. அவல நகைச்சுவை பிறக்கிற இடம் இதுதான். ஒன்று மற்றொன்றைத் துரத்துவதில்லை. சிரிக்கச் சிரிக்கப் பயம் அப்படியே இருக்கிறது.

மடன் என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் இன்னும் அழகானது: கொளுத்தக் கொண்டு, கொண்டது விடாமை. அதாவது, ஒருவர் கற்பித்ததை அப்படியே ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொள்வது. ஞானஉபதேச வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளையை இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

அந்த வகுப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாவத்தில் இரண்டு வகை. சாவான பாவம், அற்பப் பாவம். சாவான பாவத்தோடு செத்தால் நரகம். அற்பப் பாவத்துக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தில் பட்டுத் தேறி மோட்சம் போகலாம். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். முதலில் மனத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும், மனஸ்தாபப்பட, அதாவது செய்ததற்கு மனம் வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சாமியார் கொடுக்கும் அபராதத்தை நிறைவேற்ற வேண்டும். பகுத்தறியும் வயது வந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்களின் பேரவை கட்டளையிட்டது. அந்த வயது ஏறக்குறைய ஏழு என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் தெளிவுபடுத்தினார்கள். அதனால்தான் எங்கள் ஊர்களில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் புதுநன்மைக்கு, அதாவது முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு முன்னால், பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற வலை வைத்த கூண்டின் முன் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு பாவம் சாவான பாவம் ஆவதற்குத் திருச்சபை மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது. காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவோடு செய்திருக்க வேண்டும், முழு மனச்சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. மாமாவின் நாலணா முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும். மகன் செய்ததற்குத் தகப்பன் சாக வேண்டும் என்பதும் வேதத்துக்கு ஒத்துவராது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, "இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் யோவான் ஒன்பதைக் கேட்பதற்கு முன்பே நரகத்தின் படத்தைப் பார்த்துவிடுகிறார்கள். எங்கள் கரையில் படம்கூடத் தேவையில்லை. 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை எடுத்துப்போனது. ஒரு ரயிலே அலையில் போனது. கோயில் சுவர் இன்றும் மணலில் நிற்கிறது. மாமா வளர்ந்த காலத்தில் அந்த இரவைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பாவம் பெருகினால் கடல் ஏறும் என்று பெரியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். அவர்கள் சொன்னது தங்கள் துக்கத்தை. பிள்ளைகள் கேட்டது தங்கள் தண்டனையை. எனக்கு இதில் பெரியவர்கள் மேல் வருத்தம் உண்டு. ஊரையே பறிகொடுத்தவர்களுக்கு வேறு எந்த விளக்கம் கைக்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்தால் அந்த வருத்தம் நெடுநேரம் நிற்பதில்லை.

பாவசங்கீர்த்தனம் இந்தக் கரைக்கு நேற்று வந்ததும் அல்ல. மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளையில் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு கொல்லப்பட்டார். அவருக்குப் பின் இந்தக் கரையின் பொறுப்பை ஏற்றவர் போர்ச்சுகீசியரான அன்றிக்கே அன்றிக்கசு. தமிழ் படித்து, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்டவர். இந்தியாவில் தமிழ் எழுத்து அச்சேறிய தொடக்கம் அதுதான். 1580-இல் அவர் அச்சிட்ட இன்னொரு நூல் என்ன தெரியுமா? பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு. தமிழில் அச்சு தொடங்கிய உடனேயே நம் கடற்கரை மக்களின் பாவங்களுக்குத்தான் மை செலவாகியிருக்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கதை. என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, மூக்கையூரில் வளர்ந்தவர். பழைய பத்துக் கட்டளை வாய்பாட்டில் ஆறாவது, "மோக பாவம் செய்யாதிருப்பாயாக." எட்டு வயதில் அக்காவுக்கு மோகம் என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவரே ஒரு பொருள் கண்டுபிடித்தார். மோந்து பார்ப்பதுதான் மோக பாவம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடியும்வரை சாப்பிடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். அக்கா அடுப்படிக்குப் போய் மீன்குழம்புச் சட்டியைத் திறந்து மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டார். தொட்டியில் முழங்காலிட்டு, "மோக பாவம் மூணு தரம் செஞ்சேன் சாமி" என்றார்.

வலைக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு சாமியார் மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா செஞ்சே?"

"சட்டியத் தெறந்து மோந்து பாத்தேன் சாமி."

மறுபடியும் அமைதி. "திரும்ப மூடிட்டியா?"

"மூடிட்டேன் சாமி."

"அப்பச் சரி. ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு."

அந்தச் சாமியார் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் குருவைச் சபை நீக்கம் செய்யும் அளவுக்குத் திருச்சபைச் சட்டம் கடுமையானது. அக்காவே சொல்வதால்தான் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சந்தியாகப்பர் திருவிழாவுக்கும் சொல்வார். கடைசி வரியை மட்டும் அவரால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது, குரல் தழுதழுத்துவிடும். சட்டியை மூடிவிட்டாயா என்று கேட்ட அந்த மனிதர் மேல் அக்காவுக்கு இன்றைக்கும் அவ்வளவு அன்பு. எட்டு வயதில், பெரியவர் ஒருவர் தன் பயத்தின் அளவு தெரிந்து பேசினார் என்பது அவருக்கு மறக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விசுவாசத்தைக் கிண்டல் செய்வது வேறு, அவல நகைச்சுவை வேறு. கிண்டலைத் தொல்காப்பியர் எள்ளல் என்று தனியாகவே வைத்தார். எள்ளுகிறவர் வெளியே நின்று சிரிக்கிறார், அவருக்கு நரகத்தைப் பற்றிப் பயம் இல்லை. மாமாவோ தினமும் பூசைக்குப் போகிறவர். நரகத்தை நம்புகிற ஒருவர் சொன்னால்தான் அந்த நாலணாவுக்கு அவ்வளவு கனம். நம்பிக்கையை எடுத்துவிட்டால் ஒரு பையன் ஐஸ் தின்ற செய்தி மட்டும்தான் மிஞ்சும். யாராவது இந்த மாதிரிக் கதை எழுத நினைத்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பிள்ளையின் கணக்கைப் பிள்ளையின் கணக்காகவே எழுதுங்கள். பெரியவரின் புத்திசாலித்தனத்தை நடுவில் கொண்டுவந்து திருத்தாதீர்கள். மாமா தன் வழக்கைச் சொன்னபோது ஒரு இடத்தில்கூட "சின்னப் பையன் முட்டாள்தனம்" என்று சொல்லவில்லை. தீர்ப்பு எப்படி வந்ததோ அப்படியே சொன்னார்.

பயம் ஆறாமல் இருக்கும்போது சிரிக்கவும் கூடாது. சிலருக்குக் குற்றவுணர்வு வளர்ந்த பிறகும் அடங்குவதில்லை. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மன்னிப்புக் கிடைத்ததா என்று வீடு வருவதற்குள் சந்தேகம் வந்துவிடும். திருச்சபையில் இதற்குப் பழைய பெயர் உண்டு. லத்தீனில் ஸ்குரூப்புலுஸ் என்பார்கள், கூரான சிறு கல் என்று பொருள். செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல்லைப் போல. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரே 1522 வாக்கில் மன்ரேசாவில் இந்தக் கல்லோடு மாதக்கணக்கில் நடந்தவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போய் மீண்டவர். பிற்பாடு அவர் எழுதினார்: தரையில் சிலுவை போலக் கிடந்த இரண்டு வைக்கோல் துரும்பைத் தெரியாமல் மிதித்துவிட்டு, பாவம் செய்துவிட்டேன் என்று ஒருவன் தானாக முடிவுகட்டினால் அது தவறான தீர்ப்பு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் துரும்பை மிதித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். மனநல மருத்துவர்கள் இதை எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள், மருத்துவமும் இருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையைக் காட்டிச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.

மாமாவுக்குக் கல் எப்போது விழுந்தது என்று கேட்டேன். பதினைந்து வயதில் ஒரு சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், நேர்ந்துகொண்டது உட்பட. ஒன்பது வயதுப் பிள்ளை பயத்தில் செய்த நேர்த்தி உன்னைக் கட்டாது, போய் நன்றாகப் படி என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படியும் தாத்தாவிடம் மட்டும் மாமா வாய் திறக்கவே இல்லை. அந்தக் காராச்சேவை ஏன் தின்னவில்லை என்று தாத்தா கடைசிவரை அவ்வப்போது கேட்டுக்கொண்டிருப்பாராம்.

அன்று இரவு முற்றத்தில் சிரிப்பு அடங்கி, டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அதுவரை பெட்டியின் தலைமாட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மாச்சி, மாமாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"எந்த டப்பாவுல எடுத்தே?"

"அந்தோனியார் படத்துக்குக் கீழ இருந்ததுலம்மா."

அம்மாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். அன்று சாயங்காலம் காற்று கிளம்பியதும் அவர் டப்பாவை எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒரு நாலணா குறைந்தது. காலையில் காசு போடத் தான் மறந்துவிட்டோம், அதனால்தான் வத்தை வரவில்லை என்று நினைத்திருக்கிறார். விடியவிடியக் கோயில் வாசலில் முழங்காலில் கிடந்திருக்கிறார். அதை அவரும் தாத்தாவிடம் சொன்னதில்லை. நாற்பது வருடத்துக்கு மேல்.

சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியின் கண்ணாடியைப் புறங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கேட்டீகளா? நாலணாவ எடுத்தது நானில்ல. ஒங்க மகன்தான்."